உரிமக் கொள்ளளவு: நுழைவுக் கட்டுப்பாட்டுக் கருவி எதை எண்ணுகிறது

வலையமைப்பு நுழைவுக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு இரண்டு உச்சவரம்புகள் உண்டு. பெட்டியின் செயலி, நினைவகம், வட்டு ஆகியவை எத்தனை இணைப்புகளைத் தாங்கும் என்பது முதல் வரம்பு. அவற்றில் எத்தனைக்குப் பணம் கட்டியிருக்கிறது என்பது இரண்டாவது; இதுதான் உரிமக் கொள்ளளவு. இவற்றில் எது சிறியதோ அதுவே நடைமுறையில் செல்லுபடியாகும். விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் வருவது முதல் எண். வலையமைப்பை நடத்துபவருக்குத் தொல்லை தருவது பெரும்பாலும் இரண்டாவது.

தொடக்க காலத்தில் இவ்விரண்டும் நெருங்கியே இருந்தன. 2004இல் பெர்ஃபிகோ நிறுவனத்தை வாங்கிய சிஸ்கோ, அதன் தொழில்நுட்பத்தைக் ‘கிளீன் ஆக்சஸ்’ என்றும் பிறகு ‘நாக் அப்ளையன்ஸ்’ என்றும் விற்றது. அந்த வரிசையில் 3310 என்ற சிறிய பெட்டிக்கு 100, 250, 500 பயனர்கள் என்ற அளவுகளிலும், 3350 என்ற பெரிய பெட்டிக்கு 1,500, 2,500, 3,500 என்ற அளவுகளிலும் உரிமம் கிடைத்தது. பெட்டியைப் பார்த்தே உரிமத்தின் எல்லையை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். இன்று அப்படி முடியாது. அதே நிறுவனத்தின் ஐஎஸ்இ மென்பொருள் ஓடும் எஸ்என்எஸ்-3655 சர்வர், எல்லா வேலைகளையும் தானே பார்க்கும்போது ஒரே நேரத்தில் 25,000 அமர்வுகளையும், கொள்கை முடிவுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டால் 50,000 அமர்வுகளையும் தாங்கும். அந்தப் பெட்டியில் 500 அமர்வுகளுக்கான உரிமத்தை மட்டும் வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. அப்போது 501ஆவது அமர்விலேயே வரம்பு மீறப்படும். பெட்டி அதை உணரக்கூட உணராது.

எண்ணப்படும் அலகு

ஆட்களையோ அலுவலகத்தின் சொத்துப் பதிவேட்டில் உள்ள கணினிகளையோ உரிமம் எண்ணுவதில்லை. பெரும்பாலான நுழைவுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் எண்ணுவது ஒரே நேரத்தில் உயிரோடிருக்கும் அமர்வுகளை. ஒரு கருவி ஸ்விட்சின் முனையிலோ வைஃபையிலோ இணைந்து, தன்னை அடையாளம் காட்டி, அனுமதி பெற்ற கணத்தில் அமர்வு தொடங்குகிறது. அது விலகியதாகச் சர்வருக்குத் தகவல் வரும்போது முடிகிறது. ஐஎஸ்இ, அருபாவின் கிளியர்பாஸ், ஃபோர்டிநெட்டின் ஃபோர்டிநாக் ஆகியவை, நுணுக்கங்களில் வேறுபட்டாலும், இந்த ‘ஒரே நேரத்தில்’ என்ற அடிப்படையில்தான் கணக்கிடுகின்றன.

கடவுச்சொல்லோ சான்றிதழோ கொடுத்து 802.1எக்ஸ் முறையில் நுழையும் கணினியும், அப்படி எதுவும் பேசத் தெரியாததால் மேக் முகவரியை மட்டும் காட்டி நுழையும் கேமராவும் ஒவ்வோர் அமர்வாகவே எண்ணப்படும். மேசையில் தொலைபேசி, அதன் பின்னால் கணினி என்று ஒரே முனையில் இரண்டு கருவிகள் தொடுத்திருந்தால் அமர்வு இரண்டு. மடிக்கணினி கம்பியிலும் வைஃபையிலும் ஒருசேர இணைந்திருந்தால் அதற்கும் இரண்டு, ஏனெனில் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி மேக் முகவரி. ஆகவே ஸ்விட்ச் முனைகளின் எண்ணிக்கை, பணியாளர்களின் எண்ணிக்கை இரண்டுமே உரிமக் கணக்குக்கு உதவாது.

இன்னொரு வகை உரிமம் குறிப்பிட்ட காலத்துக்குள் கண்ணில் பட்ட கருவிகள் அனைத்தையும் எண்ணும். அங்கே கைபேசிகளின் மாறும் மேக் முகவரி பெரிய சிக்கல். ஆண்ட்ராய்டு 10 (2019), ஐஓஎஸ் 14 (2020) முதல் கைபேசிகள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் புனைந்த முகவரி ஒன்றைக் காட்டுகின்றன. விருந்தினர் வைஃபைக்கும் அலுவலக வைஃபைக்கும் மாறி மாறிச் செல்லும் ஒரே கைபேசி இரு கருவிகளாகப் பதிவாகும். முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது புனைந்த முகவரி என்று கண்டுகொள்ளலாம். ஒரே நேர அமர்வுகளை எண்ணும் உரிமத்தில் இதன் பாதிப்பு குறைவு, ஏனெனில் அந்தக் கணத்தில் கைபேசி ஒரு முகவரியில்தான் இருக்கும்.

துறைமுகம் என்ற கடினமான களம்

உரிமக் கணக்கு எங்கே தவறிப்போகும் என்று பார்க்க அலுவலகக் கட்டடத்தைவிடத் துறைமுகம் நல்ல களம். காரைக்கால் துறைமுகம் இருப்பது திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த கீழவாஞ்சூரில். தெற்கே தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினால் நாகூர். மார்க் நிறுவனம் கட்டி 2009இல் செயல்படத் தொடங்கிய இத்துறைமுகத்தை 2023இல் அதானி துறைமுக நிறுவனம் 1,485 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அப்போது வெளியான விவரப்படி, கப்பல் நிறுத்தும் தளங்கள் 5, நகரும் பளுதூக்கிகள் 2, ரயில் பக்கப்பாதைகள் 3, மூடிய கிடங்குகள் 10, திரவச் சேமிப்புத் தொட்டிகள் 4. ஆண்டுக் கையாளும் திறன் 2.15 கோடி டன். நிலக்கரி, உரம், சிமெண்ட் போன்ற மொத்தச் சரக்கே இங்கு முதன்மை.

இப்படிப்பட்ட வளாகத்தில் மனிதக் கையில் இல்லாத கருவிகளே மிகுதி. வாயிலிலும் எடைமேடையிலும் கணினிகள், கிடங்குதோறும் கேமராக்கள், கதவுகளில் அட்டை படிக்கும் கருவிகள், தொட்டிகளின் அளவுமானிகள். மறுபுறம் லாரி ஓட்டுநர்கள், கப்பல் முகவர்கள், சரக்குச் சோதனையாளர்கள், ஒப்பந்தப் பணியாளர்கள் என்று ஒருநாள் வந்து மறுநாள் இல்லாத மக்கள். கப்பல் தளத்தில் நிற்கும் நாளுக்கும் தளம் காலியாக இருக்கும் நாளுக்கும் வலையமைப்பின் கூட்டம் வேறு.

கணக்கிடும் முறையைக் காட்ட, இத்தகைய துறைமுகம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. காரைக்கால் துறைமுகத்தின் கணக்கு அல்ல. மேசைக் கணினிகள் 180, மேசைத் தொலைபேசிகள் 120, கேமராக்கள் 220, அச்சுப்பொறிகள் 30, வாயில் மற்றும் எடைமேடைக் கருவிகள் 40, கதவுக் கருவிகள் 35. ஆக, இரவும் பகலும் இணைந்தே இருக்கும் நிலையான பகுதி 625. கையடக்கக் கருவிகள் 60. அவை ஷிப்டுக்கு ஷிப்ட் கைமாறுவதால் எண்ணிக்கை கூடாது. மடிக்கணினிகள் 70, அவற்றில் 40 கம்பியோடு வைஃபையையும் பிடித்திருப்பதால் அமர்வுகள் 110. விருந்தினர் வைஃபையில் 90. ஒரு ஷிப்டில் பணியாளர் கைபேசிகள் 250.

இவற்றைக் கூட்டினால் 1,135. ஷிப்ட் நடுவில் எடுத்த அளவு இதுதான். ஆனால் ஷிப்ட் மாறும் அரைமணி நேரத்தில் போகிறவர்களும் வருகிறவர்களும் ஒருசேர வளாகத்துக்குள் இருக்கிறார்கள். கைபேசிகள் 500 ஆகின்றன, மொத்தம் 1,385. பணியாளர் பட்டியலில் 700 பெயர் இருக்கிறது என்று 700 அமர்வுகளுக்கு உரிமம் வாங்கியிருந்தால் உச்சத் தேவையில் சரிபாதிதான் கிடைக்கும். வளர்ச்சிக்கும் பராமரிப்புக் காலத்தில் வரும் வெளியாட்களுக்கும் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் வாங்க வேண்டிய அளவு சுமார் 1,660.

சராசரிக்கு இங்கே வேலையில்லை. உரிமம் மீறப்படுவது உச்சத்தில்தான், ஆகவே உச்சத்தைத்தான் அளக்க வேண்டும்.

வாங்குமுன் அளத்தல்

கருவி வருவதற்கு முன்பே இந்த உச்சத்தை ஓரளவு துல்லியமாகக் கண்டுவிடலாம். ஸ்விட்சுகள் தாங்கள் கண்ட மேக் முகவரிகளை அட்டவணையாக வைத்திருக்கின்றன. அந்த அட்டவணையைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக எடுத்து, ஸ்விட்சையும் ஸ்விட்சையும் இணைக்கும் முனைகளில் தெரிபவற்றை நீக்கி எண்ணினால் கம்பிப் பகுதியின் கணக்கு கிடைக்கும். வைஃபைக் கட்டுப்பாட்டுக் கருவி தன் இணைப்பு எண்ணிக்கையைத் தானே சொல்லும். இதைக் குறைந்தது ஒரு மாதம் தொடர வேண்டும். அந்த மாதத்துக்குள் கப்பல் நெரிசல், மாதக்கடைசி, ஷிப்ட் மாற்றம், ஒரு பராமரிப்பு நாள் எல்லாம் வந்துவிட வேண்டும்.

டிஎச்சிபி சர்வரின் குத்தகைப் பட்டியலை எண்ணிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எளிது, ஆனால் தவறு. விண்டோஸ் சர்வரில் குத்தகைக் காலம் மாற்றப்படாவிட்டால் 8 நாள். திங்கட்கிழமை ஒரு மணி நேரம் வந்துபோன ஓட்டுநரின் கைபேசி அடுத்த செவ்வாய் வரை பட்டியலில் நிற்கும். நிலையான முகவரி கொடுத்த கேமராக்களோ பட்டியலிலேயே இருக்காது. ஒரு பக்கம் மிகை, மறுபக்கம் குறை. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்று நம்ப இடமில்லை.

பேய் அமர்வுகள்

கருவி வந்தபின் உரிமம் நிறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை எழுந்தால், கூடுதல் உரிமத்துக்கு விலை கேட்பதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு: நிறைந்திருப்பவை உண்மையான கருவிகள்தானா என்பது. இந்த அத்தியாயத்தில் மிக ஆழமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுவே. வாங்கியது குறைவு என்று நினைக்கும் பல இடங்களில் குறை உரிமத்தில் இல்லை, கணக்குப் பதிவில் இருக்கிறது.

ஸ்விட்சும் சர்வரும் பேசும் ரேடியஸ் நெறிமுறையில் இரண்டு உரையாடல்கள் உண்டு. அனுமதி கேட்பது ஒன்று. அது வழக்கமாகச் சர்வரின் 1812ஆம் யூடிபி முனையில் நடப்பது. கணக்குப் பதிவு மற்றொன்று, 1813இல் நடப்பது. 2000ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2866 வகுத்த இந்தப் பதிவில் ‘தொடக்கம்’, ‘முடிவு’, ‘இடைக்காலத் தகவல்’ என்ற செய்திகள் உள்ளன. சர்வர் ஓர் அமர்வை எண்ணிக்கையிலிருந்து விடுவிப்பது ‘முடிவு’ செய்தி வந்ததும்தான். கணக்குப் பதிவை அமைக்காத ஸ்விட்சிலும் அனுமதி தடையில்லாமல் நடக்கும், பயனர் எவரும் குறை சொல்லமாட்டார்; போனவர் போனார் என்பது மட்டும் சர்வருக்குத் தெரியாது. ஐஎஸ்இ-யில் தொடங்கிய அமர்வுக்கு முடிவும் இடைக்காலத் தகவலும் வராவிட்டால் அது 5 நாள் கழித்தே நீக்கப்படுகிறது. ஆள் போய்விட்டார், அவர் பெயரில் ஓர் உரிமம் அதுவரை சும்மா பிடிபட்டுக் கிடக்கிறது.

பேய் அமர்வு பிறக்கும் இடங்கள் சில திரும்பத் திரும்ப வருபவை. தொலைபேசியின் பின்னால் இணைத்த கணினியைப் பிடுங்கினால் ஸ்விட்சின் முனை அணைவதில்லை, ஏனெனில் தொலைபேசி இன்னும் அங்கே இருக்கிறது. கணினி விலகியதைத் தொலைபேசி ஸ்விட்சுக்குச் சொல்ல வேண்டும், அல்லது செயலற்ற அமர்வை ஸ்விட்சே முடிக்கும் காலவரம்பு வேண்டும். நடுவில் தொலைபேசிக்குப் பதிலாகச் சிறு ஸ்விட்ச் ஒன்று யாராலோ செருகப்பட்டிருந்தாலும் இதே கதை. கணக்குச் செய்திகள் யூடிபி வழியே செல்வதால் வழியில் தொலைந்துபோவதும் உண்டு. ஸ்விட்ச் சிலமுறை மீண்டும் அனுப்பிப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும்.

செயலற்ற காலவரம்பை மிகக் குறைவாக வைப்பது எதிர்த்திசையில் தவறு. கதவுக் கருவியும் அளவுமானியும் யாராவது கேட்டால்தான் பேசும் இயல்புடையவை. இரவில் யாரும் கதவைத் தொடாதபோது ஸ்விட்ச் அவற்றின் அமர்வை முடித்துவிட்டால், காலையில் கேட்கப்படும் கேள்வி அவற்றைச் சென்று சேராது. அவை பேசாமல் அனுமதியும் திரும்பாது. மனிதர் பயன்படுத்தும் முனைகளுக்கு ஒரு காலவரம்பும், ஊமைக் கருவிகள் இருக்கும் முனைகளுக்கு நீண்ட காலவரம்போ காலவரம்பே இல்லாமையோ வைப்பதுதான் வேலைக்கு ஆகும். இடைக்காலத் தகவலின் இடைவெளிக்கு ஆர்எஃப்சி 2869 தரும் அறிவுரை 600 விநாடிக்குக் குறையக் கூடாது என்பது. 60க்குக் கீழே போகவே கூடாது. அதைவிட நெருக்கமாக வைத்தால் உரிமம் சரியாகும், சர்வர் களைத்துவிடும்.

டெல்டா கடற்கரையில் மின்தடையையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அந்தப் பகுதியில் மின்கம்பங்கள் சாய்ந்து பல நாள் மின்சாரம் இல்லாமல் போனது. மின்சாரம் போய் ஸ்விட்ச் அணையும்போது எந்த அமர்வுக்கும் ‘முடிவு’ அனுப்ப அதற்கு நேரம் கிடைப்பதில்லை. பேட்டரியில் ஓடும் சர்வரோ எல்லோரும் உள்ளேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். மின்சாரம் திரும்பியதும் கேமராக்களும் கணினிகளும் அதே மேக் முகவரியோடு வருவதால் பழைய அமர்வின் இடத்திலேயே புதியது அமரும், உரிமம் கூடாது. திரும்பி வராத கைபேசிகளும் மடிக்கணினிகளும்தான் பேய்களாகத் தங்கும். இதற்கும் ஆர்எஃப்சி 2866இல் வழி இருக்கிறது: ஸ்விட்ச் உயிர்பெற்றதும் ‘கணக்குப் பதிவு தொடங்குகிறது’ என்ற செய்தியை அனுப்பினால், சர்வர் அந்த ஸ்விட்சுக்குரிய பழைய அமர்வுகள் அனைத்தையும் முடித்துவிடலாம். அந்தச் செய்தியை ஸ்விட்ச் அனுப்புகிறதா, சர்வர் மதிக்கிறதா என்பதைச் சோதனைக்கூடத்தில் ஒரு ஸ்விட்சை அணைத்து எழுப்பிப் பார்த்துவிட வேண்டும். மின்சாரம் திரும்பும் நேரத்தில் நூற்றுக்கணக்கான கருவிகள் ஒரே நிமிடத்தில் அனுமதி கேட்பது வேறு சிக்கல். அது விநாடிக்கு எத்தனை கோரிக்கை என்ற வன்பொருள் வரம்பைச் சேர்ந்தது, உரிமம் கூட்டினால் தீராது.

கணக்குப் பதிவைச் சரிசெய்வதற்கு உரிமத்தைத் தாண்டிய காரணமும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்தியாவின் கணினி அவசரநிலை அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, பதிவேடுகளை 180 நாள் காக்கவும், குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. எந்தக் கருவி எந்த முனையில் எப்போது வந்து எப்போது போனது என்ற கேள்விக்கு விடை இந்தக் கணக்குப் பதிவில்தான் இருக்கிறது. 2017 ஜூன் 27 அன்று பரவிய நாட்பெட்யா தாக்குதல் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் குழுமத்தை முடக்கியபோது, மும்பையை ஒட்டிய நவசேவாவில் அக்குழுமத்தின் முனையமும் சிக்கியது. மெர்ஸ்க் பின்னர் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்தே நாளில் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. நுழைவுக் கட்டுப்பாடு மட்டும் அப்படியொரு தாக்குதலைத் தடுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் மீட்பு வேலை தொடங்குவது எவை இணைந்திருந்தன என்ற பட்டியலிலிருந்து. பேய்கள் நிறைந்த பட்டியல் அங்கே உதவாது.

அடுக்குகள்

எண்ணிக்கைக்குப் பிறகு தரம். ஐஎஸ்இ 3.0 முதல் உரிமம் எசென்ஷியல்ஸ், அட்வான்டேஜ், பிரீமியர் என்ற மூன்று அடுக்காக இருக்கிறது. மேலடுக்கு கீழடுக்கை உள்ளடக்கியது. அடையாளம் பார்த்து அனுமதிப்பதும் விருந்தினர் வைஃபையும் முதல் அடுக்கில் அடங்கும். கருவியின் வகையைக் கண்டறிந்து அதன்படி அனுமதி தருவது இரண்டாவதில். கணினியில் வைரஸ் தடுப்பும் புதுப்பிப்புகளும் இருக்கின்றனவா என்று நலம் பார்ப்பது மூன்றாவதில். முன்சொன்ன கற்பனைத் துறைமுகத்தில் நலம் பார்க்க வேண்டியவை 180 மேசைக் கணினிகளும் 70 மடிக்கணினிகளும்தான். கேமராவுக்கு வைரஸ் தடுப்பு நிறுவப்போவதில்லை. ஆகவே பிரீமியர் 1,660 வேண்டியதில்லை. மடிக்கணினிகளின் இரட்டை அமர்வுகளைச் சேர்த்து 290, அதன்மேல் சிறிது இருப்பு, அவ்வளவே.

ஆனால் எந்த அமர்வு எந்த அடுக்கைச் செலவழிக்கிறது என்பதைத் தீர்மானிப்பது, நிர்வாகி எழுதும் கொள்கை விதி. ‘இது அச்சுப்பொறி என்று கண்டறியப்பட்டால்’ என்ற நிபந்தனையால் அனுமதி பெறும் ஒவ்வோர் அமர்வும் அட்வான்டேஜ் அடுக்கைக் கேட்கும். கேமராக்களின் மேக் முகவரிகள் ஏற்கெனவே பட்டியலாகக் கையில் இருக்கும்போது, அவற்றை ஒரு குழுவாகச் சேர்த்து அந்தக் குழுவின் பெயரில் விதி எழுதினால் முதல் அடுக்கே போதும். மேக் முகவரியைப் போலியாகக் காட்ட முடியும் என்பதால் பாதுகாப்பில் சிறு இழப்பு உண்டு. கேமராக்களுக்குத் தனி விஎல்ஏஎன் கொடுத்து, காட்சிப்பதிவு சர்வரைத் தவிர வேறெதையும் எட்ட முடியாமல் செய்தால் அந்த இழப்பைப் பெரிதும் கட்டுப்படுத்தலாம். ஸ்விட்சுகளில் நுழையும் நிர்வாகிகளைச் சரிபார்க்கும் டாகாக்ஸ் வசதிக்கான உரிமம் அமர்வுக் கணக்கில் சேராது. அதை வழங்கும் சர்வர் ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமம் என்பது அங்கே கணக்கு.

வரம்பு மீறினால்

எல்லா நுழைவுக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சில, புதிய கருவியை மறுத்துவிடும். சில, எச்சரித்துக்கொண்டே அனுமதிக்கும். ஐஎஸ்இ இரண்டாம் வகை: அடுத்தடுத்த 60 நாளில் 45 நாள் வரம்பு மீறப்பட்டால் நிர்வாகப் பக்கம் முடக்கப்படும்; பயனர் இணைப்புகள் தொடரும். பயனர் யாரும் பாதிக்கப்படாததால் இதை மென்மையான தண்டனை என்று எடுத்துக்கொள்வது தவறு. புதிய கேமரா ஒன்றைச் சேர்க்கவோ, களவுபோன மடிக்கணினியைத் தடுக்கவோ முடியாத நிலை அது.

மறுக்கும் வகைக் கருவிகளில் கவனிக்க வேண்டியது, ஸ்விட்சின் அவசர ஏற்பாடு அப்போது கைகொடுக்காது என்பது. சர்வரை எட்டவே முடியாதபோது கருவிகளை அவசர விஎல்ஏஎன்னில் விடும் வசதி பல ஸ்விட்சுகளில் உண்டு. உரிமம் தீர்ந்த சர்வரோ எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. ‘மறுப்பு’ என்று தெளிவாகப் பதிலும் சொல்கிறது. ஸ்விட்ச் அந்தச் சொல்லை மதித்துக் கதவை அடைக்கும். எடைமேடைக் கணினி மீண்டும் இயங்கத் தொடங்கும்போது உரிமம் நிறைந்திருந்தால் வாயிலில் லாரிகள் நிற்கும். விருந்தினர் வைஃபைக்கு ஒரே நேர உச்சவரம்பு வைத்து, நிலையான கருவிகளுக்கான இடத்தைக் காப்பது இதற்கு முன்னேற்பாடு.

இரட்டைச் சர்வரும் புதுப்பித்தலும்

ஒன்று விழுந்தால் மற்றொன்று ஏற்கும் இரட்டைச் சர்வர் அமைப்பில் வன்பொருளுக்கும் உரிமத்துக்கும் கணக்கு வேறு. இரு சர்வர்களும் சுமையைப் பகிர்ந்துகொண்டாலும், விழாமல் மிஞ்சிய ஒன்று முழு 1,385ஐயும் தாங்க வேண்டும். ஆகவே ஒவ்வொன்றின் வன்பொருளும் முழு உச்சத்துக்கு. ஐஎஸ்இ-யில் அமர்வு உரிமம் முதன்மை நிர்வாகச் சர்வரில் பொதுவாக எண்ணப்படுவதால் அதை இருமுறை வாங்க வேண்டாம். மெய்நிகர் கணினியாக நிறுவினால் ஒவ்வொரு சர்வருக்கும் மெய்நிகர் உரிமம் தனியே தேவை. விலைப்புள்ளியில் விடுபடும் வரி பெரும்பாலும் இதுதான்.

டெண்டர் ஆவணத்தில் ‘1,660 பயனர் உரிமம்’ என்று மட்டும் எழுதினால் குறைந்த விலை கொடுப்பவர் தமக்குச் சாதகமான அலகைப் பிடித்துக்கொள்வார். எண்ணப்படும் அலகு ஒரே நேர அமர்வா, காணப்பட்ட கருவியா, அடுக்குவாரியாக எத்தனை, வரம்பு மீறினால் கருவி என்ன செய்யும், சந்தாக் காலம் எப்போது தொடங்குகிறது, கொள்முதல் ஆணை நாளிலா நிறுவிய நாளிலா, இவ்வளவும் எழுத்தில் வர வேண்டும். பழைய நிரந்தர உரிமங்களின் இடத்தில் சந்தா முறை பெரும்பாலும் வந்துவிட்டதால், கடைசிக் கேள்வியில் மட்டும் சில மாதச் சந்தா வீணாகக்கூடும்.

சந்தா முடியும் நாளுக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்னதாகக் கடந்த ஓராண்டின் உச்ச அறிக்கையை எடுத்து அடுத்த அளவை முடிவுசெய்வது நல்லது. அறிக்கையில் உச்சம் ஏறியிருந்தால் முதலில் பேய் அமர்வுகளைக் களைந்து மறுபடி ஒரு மாதம் அளக்க அந்தக் காலம் தேவைப்படும். இணையத்தோடு இணைக்கப்படாத வலையமைப்பாக இருந்தால் உரிமத்தை நிறுவனத்தின் இணைய வாயிலில் முன்பதிவு செய்து, கிடைக்கும் குறியீட்டைக் கையால் சர்வரில் பதிக்கும் முறை ஐஎஸ்இ-யில் உள்ளது. அப்படிப் பதித்தபின் சர்வரையே மாற்றும்போது பழைய முன்பதிவை முறைப்படி திருப்பிக் கொடுத்த பிறகே புதியதைப் பதிக்க வேண்டும்.